பிளானுக்குள் தளபாடம்: ஓட்டோகாட்டா, ஸ்கெச்அப்பா, ஸ்வீட் ஹோம் 3டியா?

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பிளான் கைக்கு வரும்போது சுவர், கதவு, யன்னல் எல்லாம் சரியாக இருக்கும். அறைக்கு நடுவில் 10 அடிக்கு 10 அடி என்று எழுதியும் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து அறை போதுமா என்று எத்தனை வீட்டுக்காரரால் சொல்ல முடியும்? கட்டிலையும் அலுமாரியையும் உள்ளே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிளானில் தளபாடம் போடுவதை அழகு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது அளவு வேலை.

அந்த 10 அடி அறையையே எடுப்போம். 75 அங்குல நீளம், 60 அங்குல அகல மெத்தை. தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் சேர்ந்தால் கட்டில் ஆறரை அடியைத் தொட்டுவிடும். கால்மாட்டுப் பக்கச் சுவரோடு 2 அடி ஆழ அலுமாரியை வைத்தால் நடுவில் மிஞ்சுவது ஒன்றரை அடி. 4 அடி அகல இரட்டைக் கதவு அலுமாரி என்றால் ஒரு கதவு மட்டும் 2 அடி. அது கட்டிலில் இடிக்கும், முழுதாகத் திறக்காது. கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு தள்ளி, அலுமாரியை எதிர்ப்பக்கச் சுவரில் வைத்தால் கிட்டத்தட்ட 3 அடி கிடைக்கும். ஆனால் அந்தச் சுவரில் யன்னல் இருந்தால்? சுவர் எழும்ப முதல் அதை நகர்த்துவது கோடு அழித்து வரைகிற வேலைதான்.

கணினியில் பிளான் வரையும் மென்பொருள்களில் எதில் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது?

தொழிலாக வரைபவருக்கு ஓட்டோகாட். கட்டில், கதிரை, மேசை எல்லாம் இதில் பிளொக், அதாவது ஒரே பொருளாகச் சேமித்து வைக்கும் வரைபடம். ஒருமுறை வரைந்து வைத்தால் இன்சர்ட் கட்டளையில் எத்தனை தடவையும் கொண்டுவரலாம். கன்ட்ரோலும் 2 உம் அழுத்தினால் வருகிற டிசைன் சென்ரரில் மென்பொருளோடு வரும் மாதிரித் தளபாடங்களும் கிடைக்கும். 2006 பதிப்போடு வந்த டைனமிக் பிளொக்தான் இதன் பெரிய பலம். ஒரே கட்டிலை 4 அடி, 5 அடி, 6 அடி என்று இழுத்து மாற்றலாம், வேறு வேறாக வரையத் தேவையில்லை.

இதில் ஆட்களை அலைக்கழிப்பது அலகு. இணையத்தில் இறக்கிய கட்டில் அங்குலத்தில் வரையப்பட்டிருக்கும், உங்கள் பிளான் மில்லிமீட்டரில் இருக்கும். கோப்பில் அலகு சரியாகக் குறிக்கப்படாவிட்டால் 75 அங்குலக் கட்டில் 75 மில்லிமீட்டராக, அறை மூலையில் ஒரு புள்ளி போல வந்து விழலாம். 25.4 மடங்கு பெருக்கினால் சரியாகிவிடும். ஆனால் முதலிலேயே இரண்டு கோப்பிலும் அலகைச் சரிபார்ப்பதுதான் ஒழுங்கான வழி. அப்புறம், பிளொக்கை 0 லேயரில் (லேயர் என்பது தனித்தனியே காட்டவும் மறைக்கவும் கூடிய வரைதாள் மாதிரி) வரைந்து, தளபாடத்துக்கென்று தனி லேயர் வைத்து அதில் செருகுங்கள். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கொடுக்கும் பிரதியில் தளபாடம் வேண்டாம் என்றால் அந்த லேயரை அணைத்தால் போதும். லிப்ரேகாட் இதே போக்கில் இலவசமாகக் கிடைப்பது. 2டி மட்டும்தான், டைனமிக் பிளொக் இல்லை.

முப்பரிமாணத்தில் வரையும் ஸ்கெச்அப்பின் கவர்ச்சி 3டி வெயார்ஹவுஸ் என்ற இணைய மாதிரிக் களஞ்சியம். சோபாவோ சாப்பாட்டு மேசையோ தேடினால் கொட்டிக் கிடக்கும். ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்புகிற மகளுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்ப இதைவிட நல்லது இல்லை. ஆனால் செதுக்கு வேலை, மடிப்பு மெத்தை எல்லாம் உள்ள மாதிரிகள் கோப்பைப் பாரமாக்கிவிடும், சாதாரண மடிக்கணினி திணறும். பாவிக்காத மாதிரிகளைக் கோப்பில் இருந்து பேர்ஜ் பண்ணி நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அளவையும் நம்பிவிடக் கூடாது. யாரோ கண்மட்டத்தில் செய்து ஏற்றிய கதிரையும் அங்கே இருக்கும். வைத்தவுடன் டேப் கருவியால் அளந்து பாருங்கள்.

ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், திறந்த மூலம். வீட்டுக்காரரே செய்து பார்க்க நான் முதலில் சொல்வது இதைத்தான். வரைந்த பிளானைப் படமாக உள்ளே எடுத்து, தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு இழுத்து அதன் நீளத்தைக் கொடுத்தால் முழுப் பிளானும் அளவுக்கு வந்துவிடும். அதன்மேல் சுவரை வரைந்து, பட்டியலில் இருந்து கட்டிலை இழுத்துப் போட்டால் அது சுவரோடு தானே ஒட்டும். கதவை வைத்தால் சுவர் தானே வெட்டுப்படும். மேலே பிளானில் நகர்த்த, கீழே 3டியில் உடனே தெரியும். அகலம், ஆழம், உயரம் மூன்றையும் எண்ணாகவே கொடுக்கலாம். ஒரு குறை, அலுமாரிக் கதவு திறக்கும் இடம் பிளானில் காட்டப்படாது. அதை நீங்களே கோடு போட்டுக் குறிக்க வேண்டும்.

மூன்றிலும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. நம் வீட்டுச் சாமான் பலவும் அதே அளவில் இவற்றின் பட்டியலில் இருக்காது. விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரைக்குக் கை நீளம், காலை நீட்டினால் இன்னும் இடம் வேண்டும். இரவில் உள்ளே தள்ளும் மோட்டார் சைக்கிள், சாமியறைத் தட்டு, தையல் மெஷின், குசினியில் கிரைண்டர், ஓடாவி செய்து தந்த முதிரை அலுமாரி எல்லாம் அப்படித்தான். இவற்றை நாடாவால் அளந்து, வெறும் பெட்டிகளாக வரைந்து, சொந்தப் பட்டியலாகச் சேமித்து வையுங்கள். அழகான வெளிநாட்டுச் சோபாவைவிட அளவு சரியான ஒரு பெட்டி பெறுமதியானது.

வீட்டாரோடு இருந்து முடிவெடுக்க ஸ்வீட் ஹோம் 3டி, மேசன் கையில் கொடுக்க ஓட்டோகாட், வெளிநாட்டு உறவுக்குக் காட்ட ஸ்கெச்அப் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் வரைபவர் ஓட்டோகாட்டையும் டைனமிக் பிளொக்கையும் படிக்கட்டும். ஸ்வீட் ஹோம் 3டியில் வைத்ததை ஓட்டோகாட் கோப்பாக அப்படியே எடுக்க முடியாது. ஒவ்வொரு தளபாடமும் எந்தச் சுவரில் இருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வரைபவர் அதைப் பார்த்தே பிளொக்கை வைத்துவிடுவார்.