கணையப் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் வட்டாரத்து லேப்களில், கணையம் சுரக்கும் என்சைம்களான அமைலேஸ், லைப்பேஸ் இரண்டையும் சேர்த்து, கூடவே சர்க்கரை, கால்சியம், சில சமயம் சி.ஏ. 19-9 (புற்றுநோய்க்கான ஒரு ரத்தக் குறியீடு) என்று ஒட்டி ‘கணையப் பேக்கேஜ்’ தருகிறார்கள். திடீர்க் கணைய அழற்சியைச் சந்தேகித்து வருபவருக்கு இதில் உருப்படியானது லைப்பேஸ்தான். அமைலேஸைப் பேருக்குச் சேர்த்திருக்கிறார்கள். சி.ஏ. 19-9 இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். பித்தக்குழாய் அடைத்தாலே அது ஏறிவிடும். புற்றுநோயோ என்று வீட்டில் எல்லோரும் கலங்குவதுதான் மிச்சம்.

நோயை உறுதி செய்ய 2012-ல் திருத்திய அட்லாண்டா வரையறை என்ற சர்வதேச விதியைத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் வலி, லைப்பேஸ் அல்லது அமைலேஸ் உச்சவரம்பைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அமைலேஸ் 3 முதல் 5 நாளில் இறங்கிவிடும். மூன்று நாள் ‘கேஸ்’ மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு லேபுக்கு வருபவருக்கு அது நார்மலாகவே வரலாம். லைப்பேஸ் ஒன்று, இரண்டு வாரம் வரை ஏறியே இருக்கும். பொன்னுக்கு வீங்கி, சிறுநீரகக் கோளாறு, குடல் ஓட்டை என்று அமைலேஸை ஏற்ற வேறு காரணங்களும் நிறைய. ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு கொழுப்பு) 1000-ஐத் தாண்டியதால் வரும் அழற்சியிலோ, அமைலேஸ் பொய்யாகக் குறைந்தும் காட்டும்.

எந்த எண்ணின் 3 மடங்கு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு மெஷினில் லைப்பேஸின் உச்சவரம்பு 60, இன்னொன்றில் 300. முதல் லேபில் 200 வந்தால் நோய்க்கான அளவு. இரண்டாவதில் அதே 200 நார்மல். ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் வரம்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் பயனில்லை. லைப்பேஸ் 2000 வந்தவர் 400 வந்தவரைவிட மோசமாக இருக்கிறார் என்றும் கிடையாது. நோய் உறுதியான பிறகு தினமும் லைப்பேஸ் எடுக்கச் சொன்னால் எதற்கென்று கேளுங்கள்.

நோயின் தீவிரத்தைச் சொல்பவை வேறு, அவை சாதாரண டெஸ்ட்கள். யூரியாவும் ஹீமடோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) மருத்துவமனைக்கு வந்தவுடன் ஒரு முறை, 24 மணி நேரம் கழித்து ஒரு முறை. ஹீமடோக்ரிட் 44-க்கு மேல் இருந்து, டிரிப்ஸ் போட்ட பிறகும் இறங்கவில்லை என்றால் உடம்பில் நீர் இன்னும் போதவில்லை, கணையத் திசு அழுகும் அபாயம் உண்டு. யூரியா ஏறிக்கொண்டே போவதும் கெட்ட அறிகுறி. இங்கே ஒரு கணக்கு: மருத்துவ வழிகாட்டிகளில் இருப்பது பி.யூ.என். (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்); நம் லேப்கள் பெரும்பாலும் தருவது யூரியா. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால் பி.யூ.என். ஆகவே பி.யூ.என். 20 என்பது யூரியா 43. இதைக் குழப்பினால் ஆரோக்கியமானவரும் ஆபத்தானவராகத் தெரிவார்.

சி.ஆர்.பி. (அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் புரதம்) வலி தொடங்கி 48 மணி நேரம் ஆன பிறகுதான் பேசும். அப்போது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் தீவிரம் என்று கொள்ளலாம். முதல் நாளே எடுத்துக் குறைவாக இருக்கிறதென்று நிம்மதி அடைவது தப்பு. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்லும் மலிவு சி.ஆர்.பி. இதற்கு உதவாது, எண் வேண்டும்.

காரணம் தேட எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் 150-ஐத் தாண்டினால் பித்தப்பைக் கல்தான் முதல் சந்தேகம். ட்ரைகிளிசரைடை வந்த அன்றே எடுக்க வேண்டும். பட்டினி போட்டால் வேகமாக இறங்கி, காரணம் மறைந்துவிடும்.

ரத்தம் எடுக்கும்போது குழாயைக் கவனியுங்கள். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களுக்கும் ஹீமடோக்ரிட்டுக்கும். ரத்தம் உறையாமலிருக்க அதில் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அமைலேஸ் வேலை செய்யவே கால்சியம் தேவை. அதனால் அந்தக் குழாயில் பார்த்த அமைலேஸும் கால்சியமும் பொய்யாகக் குறையும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில்தான் இவற்றை எடுக்க வேண்டும், அதுவும் ஊதாவுக்கு முன்னால். சீரம் பால்போல் வெள்ளையாக இருந்தால் சோடியம்கூடக் குறைந்து காட்டும். நல்ல லேப் அதை ரிப்போர்ட்டில் குறிப்பிடும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை வேறு எதற்கு வேண்டுமானாலும் சரி, இதற்குச் சரிப்படாது. முதுகுக்குப் பரவும் வலியோடு வாந்தியும் நிற்கவில்லை என்றால் ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, பக்கத்தில் 24 மணி நேர லேபும் ஸ்கேனும் உள்ள மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கையில் பழைய ரிப்போர்ட் இருந்தால், வலி எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று அதன் மேலேயே பேனாவால் எழுதிக்கொடுங்கள்.