ஹட்டன் டயர் கடையும் காற்றுக் கதைகளும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் உள்ள இந்தச் சிறிய டயர் கடையில், காற்றடிக்கக் காத்திருப்போர் சொல்லும் கதைகளுக்கே தனிக் கட்டணம் வாங்கலாம். ஹீலியம் அடித்தால் கினிகத்தேனை ஏற்றத்தில் வேன் பறக்கும் என்றார் ஒருவர். சிறிய காரொன்றின் நான்கு டயர்களிலும் உள்ள காற்றின் மொத்த எடையே அரைக் கிலோவைத் தாண்டாது. மேலும் ஹீலியம் இறப்பர் வழியே விரைவாகக் கசிந்துவிடும்.

மலைக் காற்று மெல்லியது, ஆகவே கொழும்பிலேயே 'கனமான காற்றை' நிரப்பிக்கொண்டு வரவேண்டும் என்பது இன்னொருவரின் வாதம். உயரம் கூடும்போது வெளியழுத்தம் குறைவதால் மானியின் முள் சற்று ஏறுவதும், குளிரால் அது ஏறக்குறைய அதேயளவு இறங்குவதும் உண்மையே என்றாலும், அதற்கும் காற்றின் பிறந்த ஊருக்கும் தொடர்பில்லை.

கடைக்காரரை நான் மதிப்பது இங்கேதான். நைதரசன் கேட்டவரிடம், "அண்ணே, சாதாரண காத்துலயே 78 வீதம் அதுதான் இருக்கு, வீணா செலவழிக்காதீங்க" என்று வருமானத்தை விட்டுக்கொடுத்தார். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கிறார். வால்வில் சவர்க்கார நீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்த பின்பே மூடியைத் திருகுகிறார். கம்பிரசர் இரைச்சல் மட்டும் தாங்க முடியவில்லை. ஞாயிறு சந்தை நேரத்தில் வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது.