பெருங்குடி ஷீல்டு ரூம்: வைஃபை டெஸ்ட் பண்றவங்க தாராளமா போகலாம்

நாங்க ரவுட்டர் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) எழுதுற சின்ன டீம். ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணா காலைல ஒரு ஸ்பீடு, சாயங்காலம் சுத்தி இருக்க ஃபிளாட்ல எல்லாரும் வீடு திரும்புனதும் வேற ஸ்பீடு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்னு பாத்தா 1, 6, 11 இந்த மூணு தான், அதுலயும் ஏரியாவே ஏறி உக்காந்திருக்கு, அப்புறம் நம்ம கோடு மாத்துனதால வேகம் கூடுச்சா இல்ல பக்கத்து வீட்ல டிவிய ஆஃப் பண்ணதாலயான்னு யார் சொல்றது? அதுக்குத்தான் சென்னை பெருங்குடில இருக்க இந்த லேப்ல, வெளி சிக்னல் உள்ள வராத மாதிரி உலோகத்தால மூடுன ஷீல்டு ரூம வாடகைக்கு எடுக்க ஆரம்பிச்சோம்.

எனக்கு ரொம்ப புடிச்சது அந்த கதவு. ஓரம் பூரா செம்பு கலர்ல குட்டி குட்டி ஸ்பிரிங் பட்டை வரிசையா இருக்கும், லிவர இறக்குனா அதெல்லாம் அழுந்தி உக்காரணும், ஒரு பட்டை வளைஞ்சிருந்தா கூட அந்த எடத்துல சிக்னல் லீக் ஆகும். நம்ம ஊர் கடல் காத்துக்கு உலோகம் சீக்கிரம் கருக்கும், அங்க இருக்க அண்ணன் தெனமும் ஆல்கஹால் வச்சு தொடைக்கிறாரு. "போன்ல டவர் போயிடுச்சுன்னா ரூம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல தம்பி"ன்னு சொல்லிட்டு, வெளிய சிக்னல் அனுப்புற ஜெனரேட்டர், உள்ள எவ்வளவு சிக்னல் வருதுன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம் அனலைசர் வச்சு அளந்து காட்டுன பிறகு தான் நம்மள ஆரம்பிக்க விடுறாரு. கரண்ட் ஃபில்டர் வழியா வருது, நெட்வொர்க் ஃபைபர்ல வருது, சாதா லேன் ஒயர உள்ள இழுத்தா அதுவே ஆன்டெனாவா மாறிடும்.

உள்ள ரெண்டு ரவுட்டரோட ஆன்டெனாவையும் கழட்டிட்டு கோஆக்ஸ் கேபிள்ல இணைப்போம், நடுவுல சிக்னல குறைக்கிற அட்டெனுவேட்டர். ஸ்கிரிப்ட்லயே அந்த குறைப்ப 6 டிபி (டெசிபல்) கூட்டுனா திறந்தவெளில தூரம் ரெண்டு மடங்கு ஆன மாதிரி, நாம எந்திரிச்சு நடக்கவே வேணாம். ஆனா அட்டெனுவேட்டர 90 டிபி வரைக்கும் ஏத்தியும் ரெண்டு ரவுட்டரும் கனெக்ட் ஆகியே இருந்துச்சு, ஏன்னா போர்டுல இருந்தே சிக்னல் காத்துல தாவுது. அண்ணன் ஒவ்வொண்ணையும் தனித்தனி ஷீல்டு பாக்ஸ்ல போட்டு மூடுனாரு, அப்ப தான் கனெக்ஷன் கரெக்டா அறுந்துச்சு. இத புரிஞ்சவங்க நடத்துற எடம்னு அங்கயே தெரிஞ்சுது.

அமெரிக்கால ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட ஆர்பிட்ங்கிற வயர்லெஸ் டெஸ்ட்பெட்ல (சோதனைக் களம்) 20-க்கு 20 கிரிட்ல 400 நோடு (ரேடியோ வச்ச கம்ப்யூட்டர்) இருக்கு, நோடுல நம்ம டிஸ்க் இமேஜ (ஓஎஸ்ஸோட சேர்ந்த முழு நகல்) ஏத்திட்டு எக்ஸ்பெரிமென்ட் ஓட்டலாம். இங்க அளவு சின்னது, பழக்கம் அதே தான், ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னாடி ஃபர்ம்வேர ஃபிரெஷ்ஷா ஏத்தணும், கேபிள் நம்பர்ல இருந்து கனெக்டர எவ்வளவு இறுக்கமா முறுக்குனாங்கங்கிற டார்க் வரைக்கும் ஷீட்ல எழுதி கையில தர்றாங்க. போன மாசம் எடுத்த ரீடிங்க அந்த ஷீட்ட வச்சே திரும்ப ஓட்டுனோம், அச்சு அசலா அதே கிராஃப்.

குறைனு சொன்னா, நிஜ வீட்ல சிக்னல் போற விதத்த போலியா உருவாக்குற சேனல் எமுலேட்டர் கெடையாது, சுவர்ல பட்டு எதிரொலிச்சு வர்ற சிக்னல வச்சு மைமோ (பல ஆன்டெனாவ ஒரே நேரத்துல பயன்படுத்துற முறை) பாக்கணும்னா இங்க முடியாது. பாக்ஸ மூடிட்டா ரவுட்டர் சூடாகும், சூடு ஏற ஏற ரீடிங் நகரும், ஃபேன் வச்ச பாக்ஸ் வேணும்னு புக் பண்ணும்போதே கேளுங்க. ஸ்லாட் அரை நாள் தான், அதுல செட்டப்புக்கே பாதி போயிடுது, அதனால முழு நாளா எடுக்குறது நல்லது. வீட்டு ரவுட்டர்ல ஆன்டெனா மாட்டுற கனெக்டர் நெறைய ரிவர்ஸ் எஸ்எம்ஏ வகை தான் வரும், லேப்ல எல்லாம் சாதா எஸ்எம்ஏ, அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு போயிடுங்க.