லாங்கே மலைகளில் வைனும் சாப்பாடும்: கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

இத்தாலி என்றால் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று சுற்றுலா பேக்கேஜ்கள் முடிந்துவிடுகின்றன. வைன் வட்டாரம் ஒன்றைச் சேர்த்தாலும் டஸ்கனியில் அரை நாள்தான். வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தில் ஆல்பா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள லாங்கே மலைப்பகுதி அந்தப் பட்டியல்களில் அபூர்வமாகவே வருகிறது. சாப்பாட்டை முன்னிட்டுப் பயணம் போகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் இடம் இதுதான். ஆனால் மூன்று இரவாவது தங்க வேண்டும், ஒரு நாளில் வைன் தயாரிப்பாளர்களின் நிலவறைகளில் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. இங்குள்ள வைன் தனியாகக் குடித்தால் முரடு. அந்த ஊர்ச் சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வழிக்கு வரும்.

மிலானோவிலிருந்து காலையில் கிளம்பி மூன்று நிலவறை, மதிய உணவு, இரவு திரும்புதல் என்று விற்கப்படும் ஒருநாள் சுற்றுகளை வாங்க வேண்டாம். போக வர நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையிலேயே போய்விடும். மூன்றாவது நிலவறைக்குள் நுழையும்போது நாக்கு மரத்துப்போயிருக்கும், அங்கே ஊற்றுவது எதுவானாலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்குள்ள முக்கியச் சிவப்பு வைன்களான பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டும் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருபவை. ஆல்பாவுக்குத் தென்மேற்கே 11 ஊர்களில் விளைவது பரோலோ. வடகிழக்கே பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெயிசோ ஆகிய மூன்று ஊர்களிலும் ஆல்பாவின் ஒரு மூலையிலும் விளைவது பார்பரெஸ்கோ. சட்டப்படி பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதமும் 9 மாதமும் போதும். ஆகவே முதல் தடவை போகிறவர்கள் பார்பரெஸ்கோவில் தொடங்குவது நல்லது, அது சீக்கிரம் இளகும். பரோலோவிலும் ஊருக்கு ஊர் குணம் மாறும். லா மொர்ரா, பரோலோ ஊர்ப் பக்கத்து மண்ணில் விளைந்தது மணமும் மென்மையும் உள்ளது. செர்ராலுங்கா, மொன்ஃபோர்தே பக்கம் விளைந்தது இறுக்கமானது, பத்து வருடம் வைத்திருந்து திறக்க வேண்டியது. இரண்டையும் ஒரே நாளில், காலை ஒன்று மாலை ஒன்று என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நெப்பியோலோவின் நிறம் பலரை ஏமாற்றும். கிளாஸில் வெளிறிய செங்கல் நிறமாக இருக்கும், லேசான வைன் என்று நினைத்து ஒரு மிடறு குடித்தால், நெடுநேரம் ஊறவிட்ட தே ஓவைப் போல ஈறையும் நாக்கையும் கவ்விப் பிடிக்கும். இந்தத் துவர்ப்பை அடக்குபவை கொழுப்பும் புரதமும். வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சீஸும் இந்த ஊர்ச் சமையலில் இவ்வளவு புழங்குவதால்தான் இந்த வைன் இங்கே இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. சோதனையாக, ஒரு மிடறு வெறுமனே குடியுங்கள். பிறகு ஒரு துண்டு சீஸ் தின்றுவிட்டு அதே வைனை மறுபடி குடியுங்கள்.

நிலவறைகளுக்கு முன்பதிவு கட்டாயம். பெரும்பாலானவை குடும்பங்கள் நடத்துபவை. மின்னஞ்சலில் நாளும் நேரமும் ஆள் எண்ணிக்கையும் எழுதிப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும், கதவைத் தட்டினால் திறக்க ஆளிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பல இடங்கள் மூடியிருக்கும். நெப்பியோலோ அறுவடை வழக்கமாகச் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை நடக்கும், அப்போது சிறிய தயாரிப்பாளர்களுக்கு விருந்தாளியைக் கவனிக்க நேரமில்லை. ஒரு வருகை சுமார் ஒன்றரை மணி நேரம். ஐந்தாறு வைன் ஊற்றுவார்கள், டோல்செட்டோ, பார்பேரா என்ற வேறு சிவப்பு வைன்களில் தொடங்கிக் கடைசியில் பரோலோவுக்கு வருவார்கள். ஆளுக்கு 25 முதல் 50 யூரோ வரை கட்டணம் சாதாரணம். சில பாட்டில்கள் வாங்கினால் குறைத்துக்கொள்கிற இடங்களும் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு ஊற்றலுக்கு 40 மில்லி என்று வைத்தால், ஆறு வைனுக்கு 240 மில்லி ஆகிறது. அது ஒரு பாட்டிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 14 சதவிகித மது. இத்தாலியில் ஓட்டுநருக்கான வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். ஓட்டுகிறவர் குடித்தால் கணக்கு தாண்டிவிடும். மேசையில் வைத்திருக்கும் துப்பும் பாத்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை, வைன் செய்கிறவரே துப்புவார். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு நாள் முழுக்க ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே சிறந்தது. சாலைகள் குறுகல், வளைவுகள் அதிகம், இரவில் மூடுபனி இறங்கும்.

முன்பதிவு கிடைக்காவிட்டால் இரண்டு நல்ல மாற்று வழிகள் உண்டு. பார்பரெஸ்கோவில் பழைய சான் தொனாத்தோ தேவாலயத்துக்குள் இயங்கும் வட்டார வைன் கூடத்திலும், பரோலோ கோட்டைக்குள் இருக்கும் வட்டார வைன் கூடத்திலும் பல தயாரிப்பாளர்களின் வைனைக் கிளாஸ் கணக்கில் குடிக்கலாம். பார்பரெஸ்கோ ஊரிலேயே 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் கடையும் இருக்கிறது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் இது. கொடுக்கும் காசுக்கு இவ்வளவு நேர்மையான வைன் இந்த வட்டாரத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அசிலி, ரபாயா போன்ற தனித்தோட்டப் பாட்டில்களும் அங்கே உண்டு.

அடுத்து சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்துப் பெருமை பாதிக்கு மேல் மாட்டில்தான் நிற்கிறது. கார்னே க்ரூடா என்பது பச்சையாகக் கொத்திய கன்றிறைச்சி. வித்தெல்லோ தொன்னாத்தோ என்பது வேகவைத்த கன்றிறைச்சியின் மேல் சூரை மீன் சாஸ். மெனுவில் மீனை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் செய்கிறவர்கள் உண்டு. பிரசாத்தோ என்பது பரோலோவில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி. ஆங்கில மெனுவில் 'வீல்' என்று போட்டிருந்தாலும் அது மாட்டுக் கன்றுதான். பிரா ஊரின் புகழ்பெற்ற சாஸேஜ் கன்றிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் கலந்தது. கிள்ளி மடிக்கப்படும் சின்னச் சின்ன ஆன்யோலோத்தி தெல் ப்ளினுக்குள் கன்று, பன்றி, முயல் மூன்றும் சேர்ந்து இருப்பது வழக்கம். ஆகவே உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டிய வாக்கியம் இது: "நோன் மாஞ்ஜோ மான்ட்ஸோ, வித்தெல்லோ, மயாலே." மாடு, கன்று, பன்றி சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். வெறுமனே "மாடு வேண்டாம்" என்றால் கன்று வந்து சேரும்.

இத்தனையையும் தள்ளிவிட்டாலும் மேசை காலியாக இருக்காது. முதலில் தயரின். ஒரு கிலோ மாவுக்கு 30 முதல் 40 மஞ்சள் கரு வரை போட்டு, நூல்போல அரியப்படும் பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டது என்று கேளுங்கள். இறைச்சிச் சாஸோடு வருவதுதான் பொதுவழக்கம் என்பதால் சொல்லாவிட்டால் அதுதான் வரும். காஸ்டெல்மான்யோ சீஸ் உருக்கி ஊற்றிய உருளைக்கிழங்கு ந்யோக்கி இளம் பார்பரெஸ்கோவுக்குக் கச்சிதம். காய்கறி ஃபிளானின் மேல் ஃபோந்தூத்தா என்ற உருகிய சீஸ் ஊற்றித் தருவார்கள். ரிசொத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் அதைக் கிண்டுவார்கள். முழுச் சைவக்காரர்கள் சீஸையும் விசாரிக்க வேண்டும். இந்த வட்டாரத்துப் பாரம்பரிய சீஸ்களில் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். பன்னா கொத்தா என்ற பாலேட்டு இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பாலும் முட்டையும் கொக்கோவும் அமரெத்தி பிஸ்கட்டும் சேர்ந்த பூனெட்டில் பொதுவாக இருக்காது, இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு பான்யா கௌடா. இது குளிர்காலச் சாப்பாடு, நம்மவர்களுக்கு உடனே பிடித்துவிடும். உப்பிட்ட நெத்திலியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் கரையும்வரை மிக மெல்லிய தீயில் வேகும். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு, 50 கிராம் நெத்திலி, அரைக் கிளாஸ் எண்ணெய் என்பது பழைய கணக்கு. மேசையில் சின்ன விளக்கின் மேல் சட்டியை வைத்து, குடைமிளகாய், முட்டைக்கோஸ், கார்தோ தண்டு முதலியவற்றைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தரமான இடத்தில் பூண்டு வெளுப்பாகக் குழைந்திருக்கும். பழுப்பேறியிருந்தால் தீ கூடிவிட்டது, கசக்கும். இதற்குப் பரோலோ வேண்டாம். நெத்திலியின் உப்பும் வைனின் துவர்ப்பும் மோதும். புளிப்பு அதிகமும் துவர்ப்பு குறைவும் உள்ள பார்பேராவே சரி.

மண்ணுக்கடியில் விளையும் மணமுள்ள காளான் வகையான வெள்ளை டிரஃபிளின் காலம் இலையுதிர்காலம். ஆல்பாவின் டிரஃபிள் சந்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம்வரை வார இறுதிகளில் நடக்கும். உணவகத்தில் கிராம் கணக்கில்தான் விலை. சீவுவதற்கு முன் கிராம் விலை கேளுங்கள், டிரஃபிளை முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள். அங்கே அது வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரு தட்டுக்கு 7, 8 கிராம் போதும். கிராம் 5 யூரோ என்றாலே 8 கிராமுக்கு 40 யூரோ, தட்டின் விலை தனி. வெண்ணெய்த் தயரின் அல்லது பொரித்த முட்டையின் மேல் மட்டும் போடச் சொல்லுங்கள், சாஸ் உள்ள எதன் மேலும் வீண். டிரஃபிள் எண்ணெய் பாட்டில்களில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான், அதை வாங்கிச் சுமக்க வேண்டாம். கோடையில் கிடைக்கும் கறுப்பு டிரஃபிள் வேறு வகை, மணமும் விலையும் குறைவு.

டிரஃபிள்தான் வேண்டும் என்றால் நவம்பரில் வாரநாள்களில் போங்கள். அக்டோபர் வார இறுதிகளில் அறை வாடகை ஏறி, உணவகங்கள் நிரம்பிவிடும். டிரஃபிள் முக்கியமில்லை என்றால் மே கடைசி, ஜூன். மதியச் சாப்பாடு 12.30 முதல் 2 மணிவரை. அதற்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும். செவ்வாய், புதன் விடுமுறை விடும் உணவகங்கள் நிறைய. பில்லில் 'கோப்பெர்த்தோ' என்ற மேசைக் கட்டணமாக ஆளுக்குச் சில யூரோ சேர்ந்திருக்கும், அது தவறில்லை.

தங்குவதற்கு, வண்டி இல்லாதவர்களுக்கு ஆல்பா. டொரினோவிலிருந்து பிரா வழியாக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மலை ஊர்களுக்குப் பேருந்து குறைவு, ஞாயிறன்று நம்பவே கூடாது. மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா தேவையில்லை. வண்டி ஓட்டுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய நகர மையங்களின் வாசலில் 'ஸோனா த்ராஃபிக்கோ லிமித்தாத்தோ' (வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்ற பலகை இருந்தால் உள்ளே திருப்பாதீர்கள். கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் தனியாகப் பிடித்துக்கொள்ளும்.

பாட்டில் கொண்டுவருவதில் பலர் இடறுகிறார்கள். 72 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்தவருக்கு மலேசியாவில் வரியில்லாமல் அனுமதி 1 லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆகவே இரண்டாவது பாட்டிலுக்கே வரம்பு தாண்டுகிறது. கூடுதலாக இருந்தால் சுங்கத்தில் அறிவித்து வரி கட்டுங்கள். ஒரு கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் இத்தாலிய வரியைத் திரும்பப் பெறலாம். பாட்டில்கள் பெட்டிக்குள் போகும் பொருள் என்பதால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே மிலானோவின் மல்பென்சா விமான நிலையச் சுங்கத்தில் காட்டிவிட வேண்டும். சலாமி, சாஸேஜ் எதையும் எடுத்து வராதீர்கள், இறைச்சிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குப் பதில் வறுத்த ஹேசல் நட் வாங்குங்கள், பியெமோந்தேயின் உருண்டை ஹேசல் நட்டுக்கு ஈடில்லை.

கோலாலம்பூர் வெயிலில் பரோலோவை அலமாரியில் வைத்தால் சில மாதத்திலேயே வெந்த பழத்தின் வாடை வந்துவிடும். 12 முதல் 16 டிகிரி வரை வைக்கும் வைன் குளிர்பெட்டி இல்லாதவர்கள் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் படுக்கவைத்து ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவதே மேல். திறப்பதற்கு முன் 16 டிகிரிக்கு வரவிட்டு, வாய் அகன்ற குடுவையில் இரண்டு மணி நேரம் ஊற்றிவையுங்கள். நம் காரத்தோடு பரோலோ சேராது, மது காரத்தைக் கூட்டும், துவர்ப்பு நாக்கை எரிக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குச் சற்றே குளிர்ந்த பார்பேரா. மிளகாய் தூக்கலான நண்டு, இறால் சமையலுக்கு 5 சதவிகித மது மட்டுமே உள்ள, இனிப்பும் நுரையும் கலந்த மொஸ்காத்தோ தாஸ்தி என்ற வெள்ளை வைன். மொஸ்காத்தோவை வாங்கிய வருடத்திலேயே குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் மணம் போய்விடும்.