மூன்று வருடமாகப் பெட்டி இழுக்கும் பழைய ஹைலக்ஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்தச் சின்னக் கேம்பர், அதாவது வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் பயணப் பெட்டி, முதன்முதல் வந்து நின்றபோது பக்கத்து வீட்டு அன்ரி கேட்டது, "தம்பி, கொத்துக் கடை போடப் போறீங்களோ?" மூன்று வருடம் ஆகிவிட்டது. கற்பிட்டி, அப்புத்தளை, ஏ9 வழியாக இரண்டு தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் என்று இழுத்துத் திரிந்தாயிற்று. அன்ரி இன்னும் கொத்துக் கேட்கிறார்.

இழுப்பது அப்பாவின் டொயோட்டா ஹைலக்ஸ் டபிள்கெப், எல்என்106 மாடல். டேர்போ இல்லாத, 3எல் என்று பெயர்கொண்ட 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் ஸ்பிறிங் பட்டை (அடுக்கிய இரும்புத் தகடுகள்). 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் நல்ல விலைக்குக் கேட்டார்கள், அப்பா கொடுக்கவில்லை. கேம்பர், சாமானோடு 550 கிலோ வரும். அதற்குத் தனிப் பிறேக் கிடையாது. நிற்பாட்டுகிற வேலை முழுவதும் ஹைலக்ஸின் தலையில்தான்.

இது தெரிந்தும் நான் முதல் காசைப் பிறேக்கில் போடவில்லை. பெட்டியைக் கொளுவியதும் வாகனத்தின் பின்பக்கம் பதிந்தது, பார்க்க வடிவாக இல்லை. ஒரு கராஜில் சொன்னேன், பின்னுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டு உயர்த்தித் தந்தார்கள். பார்வைக்கு அருமை. ஆனால் அதற்குப் பிறகு மழை நாளில் காலி வீதியில் பிறேக் பிடித்தால் மூக்கு குத்தியது, முன் பிறேக் பாட் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. பிறேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று அதையும் மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

மாளிகாவத்தையில் ஒரு மெக்கானிக் நானா குனிந்து பார்த்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். "தம்பி, பின்னுக்கு உசத்திப் போட்டீங்கதானே, அப்ப வால்வுக்கு வண்டி வெறுமை எண்டுதான் விளங்கும்." இந்த ஹைலக்ஸில் பின் அச்சுக்கு மேலே சட்டகத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. சுமை ஏறிப் பின்பக்கம் பதியப் பதியக் கம்பி நகர்ந்து, பின் பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். வெறுமையாக இருந்தால் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின் சில்லு இறுகி வழுக்கும். நான் பட்டை போட்டு உயர்த்தியதால், பின்னால் 550 கிலோ தள்ளிக்கொண்டு வரும்போதும் அந்த வால்வு வெறும் வண்டிக்குரிய அழுத்தத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. நானா கூடுதல் பட்டையைக் கழற்றி, களைத்துப்போன பழைய பட்டைகளுக்கு வளைவு எடுத்துத் திரும்பப் பூட்டினார். கம்பியின் அளவையும் சரிசெய்தார். பின் ட்ரம்முக்குப் புது லைனிங், நாலு சில்லுக்கும் புது ஹோஸ். வால்வையே கழற்றி எறியச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பெட்டி இல்லாமல் மழையில் போகும் நாளும் உண்டு.

பின்பக்கம் அவ்வளவு பதிந்ததற்குப் பட்டை களைத்தது ஒரு காரணம்தான். மற்றது, பெட்டியின் முன்பக்கம் ஏற்றிய சாமான். பயந்துபோய் எல்லாச் சாமானையும் பெட்டியின் பின்மூலைக்குத் தள்ளினேன், அது அதைவிடப் பிழை. சிலாபம் தாண்டிப் புத்தளம் வீதியில் 70இல் போகும்போது ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தியது. பெட்டி நாய் வாலாட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. பிறேக்கைத் தொடாமல், காலை அக்சிலேட்டரில் இருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டேன். ஏழெட்டு ஆட்டத்தில் அடங்கியது. மனைவி பாலாவிச் சந்தி வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து குளியலறைத் தராசைக் கல் அடுக்கி உயர்த்தி, கொளுவும் முனையை அதில் வைத்து நிறுத்தேன். 20 கிலோ. பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவில் அந்த முனையில் இறங்க வேண்டும், அதாவது எனக்கு 55. தண்ணீர்க் கலன், கேஸ் சிலிண்டர், ஸ்பெயார் சில்லு மூன்றையும் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு ஆடியதே இல்லை. 60க்கு மேல் நான் போவதும் இல்லை.

சூடு அடுத்த கதை. முதல் தடவை கடுகண்ணாவை ஏற்றத்தில் சூட்டு முள் முக்காலுக்கு வந்தது. ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய ஏறினோம். வருடக் கணக்கில் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய பாவம், ரேடியேட்டர் கோர் பாதி அடைத்திருந்தது. கோர் மாற்றி, விசிறிக் கிளச்சுக்கு ஒயில் விட்ட பிறகு, ஹல்துமுல்லையில் இருந்து பெரகலை வரை இரண்டாம் கியரில் ஏறியும் முள் அசையவில்லை. இறங்குவதும் அதே இரண்டாம் கியரில்தான். பின்னால் ஹோன் அடிப்பவர் அடிக்கட்டும்.

லைற் விஷயத்தில் ஒன்று மட்டும். பெட்டியின் லைற்றுக்குக் கரண்ட் போகும் ஏழு முள் ப்ளக்கில் எர்த் வயரைத் தனியாக இழுங்கள். கொளுவும் உருண்டை வழியாக எர்த் வரும் என்று விட்டால், பிறேக் அழுத்தும்போது சிக்னல் மங்கும். கற்பிட்டி உப்புக் காற்றுக்கு ப்ளக் முள்ளெல்லாம் பச்சை பூத்துவிடும், கொஞ்சம் கிறீஸ் பூசிவையுங்கள். பெட்டியின் பெயாரிங்கும் அப்படியே. நிற்கும் இடமெல்லாம் சில்லின் நடுவைத் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிற்பேன். இதுவரை ஒரு தடவை, அனுராதபுரத்துக்கு இந்தப் பக்கம். ஹைலக்ஸ் எஞ்சினின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள், அறுந்தால் எஞ்சினே போகும்.

தனியே ஓடினால் லீற்றருக்கு 10 கிலோமீற்றர், பெட்டியோடு 7. ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுப்பது இன்னும் எனக்குக் கைவரவில்லை. கழற்றிவிட்டு நானும் மச்சானும் தள்ளித்தான் உள்ளே விடுகிறோம். ரிவர்ஸ் எடுத்துப் பழகியதில் கிளச் தேய்ந்திருக்கிறது. போன வாரம் பம்பலப்பிட்டிச் சந்தியில் எடுக்கும்போது மணத்தது. நானாவிடம் சனிக்கிழமை விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.