மண் ஆகர்: ஒன்பது நிலம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

சின்னதாக ஒரு தோட்டம், நாலு ஆடு, கொஞ்சம் கோழி என்று ஆசைப்பட்டு நிலம் தேடத் தொடங்கியபோது எங்கள் கையில் இருந்த ஒரே கருவி செல்போன். முதல் மூன்று இடங்களை வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு வந்தோம். பச்சையாக இருந்தால் நல்ல நிலம், காய்ந்து கிடந்தால் மோசம். அவ்வளவுதான் எங்கள் ஞானம். நாலாவது இடத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு, நிலத்தைத் துளைத்து அடிமண்ணை வெளியே எடுத்துப் பார்க்கும் இந்தக் கை ஆகரை வாங்கினேன்.

என் மார்பளவு உயரம். உச்சியில் குறுக்காக ஒரு பிடி, அடியில் இரண்டு இரும்பு இதழ்கள் கூம்பிச் சேர்ந்த மாதிரி 7 செ.மீ. அகலத்தில் ஒரு தலை. பிடியை அழுத்தி நாலைந்து சுற்று திருகித் தூக்கினால் ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக மண் வரும். அதைப் பழைய போர்வையில் வந்த வரிசைப்படியே வைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் குழியை ஒரு மீட்டர் இறக்க எனக்கு அரைமணி நேரமும் இரண்டு கொப்புளமும் ஆயிற்று. இப்போதெல்லாம் பத்து நிமிடம்.

நாலாவது இடத்தில் சொந்தக்காரர் "கருப்பு மண்ணுங்க, எதைப் போட்டாலும் வரும்" என்றார். மேலே ஒன்றரைச் சாண் கருப்புதான். மூன்றாவது தடவை தூக்கியபோது செங்கல் துண்டும் ஒரு கிழிந்த பாலித்தீன் பையும் வந்தன. பள்ளத்தில் குப்பையைக் கொட்டி மூடி, மேலே நல்ல மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் போர்வையை உதறினோம்.

ஆறாவது இடம்தான் எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகாதது. அழகான சரிவு, கீழ்மூலையில் வீடு கட்டத் தோதான இடம், பக்கத்திலேயே பாதை. "தண்ணி நிக்கவே நிக்காது" என்று உறுதி சொன்னார்கள். நாங்கள் போனது வறண்ட மாதம், நிற்கத் தண்ணீரே இல்லை. ஆகரை இறக்கினேன். 40 செ.மீ. வரை பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். மண்ணில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. அப்போது இரும்புச் சத்து நிறம் மாறிக் கரைந்துபோய் மண் வெளிறிவிடும். வேர் போன தடத்தில் எங்கே காற்று நுழைகிறதோ அங்கே மட்டும் துருவாகப் படியும். நான் படித்து வைத்திருந்த இந்தப் பாடத்தை என் வீட்டுக்காரர் நம்பவில்லை. மழை பிடித்த பிறகு அவரே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, கணுக்கால் வரை நனைந்த பேன்ட்டோடு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். காய்ந்த களிமண்ணில் இது இறங்காது. முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும், அல்லது மழை பெய்த மறுநாள் போக வேண்டும். சரளைக்கல் தட்டினால் அங்கேயே நின்றுவிடும். இரண்டடி தள்ளிப் புதுக்குழிதான். சுத்த மணலில் இறங்கும், தூக்கும்போது இதழ் வழியாக எல்லாம் உதிர்ந்துவிடும். நீட்டுக்கம்பி சேர்க்கும் மரையில் களி ஏறிவிட்டால் கழற்ற இரண்டு ஸ்பேனரும் இரண்டு ஆளும் வேண்டும்.

பெரிய மனக்குறை பிடியின் வெல்டிங். ஏழாவது இடத்தில் விட்டுப்போயிற்று. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். "மண்ணில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது" என்று பதில் வந்தது. மண் ஆகரை வேறு எதில் பயன்படுத்துவது என்று கேட்டு எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. ஒரு பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துக்கொண்டேன், அது இன்றுவரை உறுதியாக இருக்கிறது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம். போன அந்த ஒன்று பதில் எழுதியவருக்காக.

எட்டாவது இடத்தில் மண் 90 செ.மீ. வரை பொலபொலவென்று வந்தது. முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டோம். நான் திருகுவதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து நின்றார்.

"என்னம்மா, புதையலா?"

"இல்லீங்க ஐயா, மண்ணு பார்க்கிறோம்."

ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். "மண்ணு தங்கம்தான். வண்டி எந்த வழியா வரும்?"

நாங்கள் வந்த பாதை அவருடையது. பத்திரத்தைத் திரும்பப் புரட்டினால் பாதை உரிமை பற்றி ஒரு வரி இல்லை. எல்லை, வழி, வில்லங்கம் எதையும் ஆகர் சொல்லாது. ஆனால் ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்கவைக்கும், அதனால் சொல்லக்கூடியவர்கள் தேடி வருகிறார்கள்.

வாங்கியது ஒன்பதாவது. மண் சுமார்தான். நாலு குழி போட்டோம், நாலிலும் 25 செ.மீ. ஆழத்தில் ஆகர் முட்டி நின்றது, கஷ்டப்பட்டுத் தாண்டினால் கீழே மெத்தென்று இருந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுது உழுது இறுகிப்போன தட்டு அது. ஆழ உழுது உடைத்துவிடலாம் என்பதால் பயப்படவில்லை. விலை பேசும்போது மறக்காமல் சொன்னோம்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சத்துப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்போகிறீர்கள் என்றால் துத்தநாகம் பூசிய ஆகர் வேண்டாம், முடிவில் துத்தநாகம் கூடுதலாகக் காட்டிவிடும். நிலத்துக்காரரிடம் கேட்காமல் குழி போடாதீர்கள், போட்டதை மூடாமல் வராதீர்கள். மாட்டின் கால் இறங்கினால் ஒடிந்துவிடும்.

இப்போது இதை வேலிக்கால் நடப் பயன்படுத்துகிறேன். குழியும் 7 செ.மீ., காலும் அதே தடிமன், நேராக இறங்க மறுக்கிறது. பிடியைப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டித் திருகினால் போதுமான அகலம் கிடைக்கிறது. முப்பது கால் நட்டாயிற்று, இன்னும் பதினெட்டு பாக்கி.