வீட்டு கோல்ஃப் சிமுலேட்டருக்கு புரொஜெக்டர் வாங்குகிறவர்களே, 3,774 டாலர் போன கதை இது

நேற்று இரவு கடையிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி. "கூரையில் பொருத்திவிட்ட புரொஜெக்டரைத் திரும்பப் பெறுவது எங்கள் விதிமுறையில் இல்லை." பொருத்தியது யார்? அவர்களே அனுப்பிய ஆள். அதற்கென்று தனியாக 450 டாலர் வேறு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து 3,774 டாலர். தூக்கம் வரவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் கோல்ஃப் சிமுலேட்டர் (திரையில் மைதானத்தைப் படமாகக் காட்டி, அதை நோக்கிப் பந்தடிக்கிற அமைப்பு) போட நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். புரொஜெக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டுவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. சிமுலேட்டர் சாமான்கள் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை. டொராண்டோ பக்கம் எங்கோ ஒரு கிடங்கு. நேரில் போய்ப் பார்க்க ஷோரூம் கிடையாது. இவ்வளவு போதும்.

கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறவர்களுக்குக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோல்ஃப் மட்டையை மூட்டை கட்டி வைத்தால் வசந்தம் வரும்வரை தொட முடியாது. பேஸ்மென்டில் போடலாம் என்றால் கூரை 8 அடிகூட இல்லை, டிரைவர் என்கிற நீள மட்டையை ஓங்கினால் மேலே இடிக்கும். அதனால் கராஜ். சுவருக்கு இன்சுலேஷன், ஒரு ஹீட்டர், கதவு கூரையை ஒட்டிப் போகிற மாதிரி தண்டவாளத்தை உயர்த்தியது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். உள்ளே 20 அடி நீளம், பத்தரை அடி உயரம். பந்தடிக்கும் திரை 12 அடி அகலம், 9 அடி உயரம், அதாவது 4:3. திரை, பக்கவலை, பாய் எல்லாம் வேறு இடத்தில் வாங்கியவை, அவற்றில் ஒரு குறையும் இல்லை. பாக்கி இருந்தது புரொஜெக்டர் மட்டும்தான்.

கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். "அண்ணா, நீங்க அளவு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்." தமிழில் பேசினான் என்பதற்காக நான் நம்பவில்லை. அவன் கேட்ட கேள்விகள் அப்படி. பந்துக்கும் திரைக்கும் எத்தனை அடி? பத்தரை. திரைக்குப் பின்னால் சுவர்வரை இடம் விட்டிருக்கிறீர்களா? ஒரு அடி. வீட்டில் இடது கைக்காரர் யாராவது உண்டா? என் மகள் இடது கை. "அப்ப பக்கவாட்டுல மாட்ட வேணாம் அண்ணா, நடுவுல, பந்துக்குக் கொஞ்சம் முன்னாடி மாட்டுவோம். அப்பதான் யார் நின்னாலும் மட்டை படாது, நிழலும் விழாது." இது தெரிந்த ஆள் கேட்கிற கேள்வி. மறுநாள் காலையில் ஒரு பிடிஎஃப் வந்தது. என் கராஜின் வரைபடம், ஹீட்டர் இருக்கும் மூலைகூடச் சரியாக. கதவு திறந்தால் எதுவரை வரும் என்று புள்ளிக்கோடு. நடுவில் மாட்ட வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம், பக்கத்தில் திரையிலிருந்து தூரம் "9.6 அடி". மேலே என் பெயர். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு இன்னொரு கடையில் விலை கேட்கத் தோன்றவில்லை.

புரொஜெக்டர் 2,890, மாட்டுக்கூலி 450, மேலே 13 சதவீதம் எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி. கணக்குப் போட்டால் 3,774 டாலர் 20 சென்ட். "இன்னைக்கே இ-டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டீங்கன்னா வியாழக்கிழமை ஆள் வந்துடுவார் அண்ணா. கார்டுன்னா ஆபீஸ்ல அப்ரூவ் ஆக ஒரு வாரம் இழுக்கும்." என் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினேன். அடுத்த நிமிஷமே அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது.

வியாழக்கிழமை ஆள் வந்தார். பெட்டியின் டேப் ஏற்கெனவே கிழிந்திருந்தது. "செக் பண்ணி எடுத்துட்டு வந்தேன் சார்" என்றார். வரைபடத்தில் இருந்த 9.6 அடியில் அளந்து, கூரையை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, நான்கு ஸ்க்ரூ இறக்கினார். இரண்டு மரச்சட்டத்தில் ஏறியது. மற்ற இரண்டும் வெறும் டிரைவாலில் (ஜிப்சம் பலகை), பிளாஸ்டிக் குமிழோடு. கேட்டதற்கு "தாங்கும் சார்" என்றார். பிறகு மெஷினைப் போட்டார்.

படம் திரையின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கியது, அகலமும் இம்மி பிசகாமல் பொருந்தியது. கீழே மட்டும் இரண்டேகால் அடிக்கு வெறும் வெள்ளைத் துணி. புல்தரை பந்தின் பக்கம் வந்து சேர வேண்டாமா? இது அந்தரத்தில் வெட்டிக்கொண்டு நின்றது. அவர் ரிமோட்டை எடுத்து கீஸ்டோனை மேலும் கீழும் இழுத்தார். படம் சரிவகமாகி, எழுத்தெல்லாம் மங்கியதுதான் மிச்சம். கீஸ்டோன் கோணலை நிமிர்த்துமே தவிர இல்லாத உயரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? "பழகிடும் சார்" என்றார். அவர் போனில் "பொருள் கிடைத்தது" என்று கையெழுத்துப் போடச் சொன்னார். பொருள் கிடைத்திருந்ததே, போட்டேன். "வாடிக்கையாளர் வேலையில் திருப்தி அடைந்ததாகக் கையொப்பமிட்டுள்ளார்" என்று அதைத்தான் இப்போது எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

கோளாறு இதுதான். த்ரோ ரேஷியோ என்பது லென்ஸிலிருந்து திரைவரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. எனக்குக் கொடுத்தது 0.8. பன்னிரண்டு அடி அகலத்தை 0.8-ஆல் பெருக்கினால் 9.6, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மெஷினின் இயல்பான படம் 16:9. பன்னிரண்டு அடி அகலத்துக்கு அதன் உயரம் ஆறே முக்கால் அடிதான். 9 அடி உயரத்தை நிரப்ப வேண்டுமானால் அதன் முழுச் சட்டம் 16 அடி அகலத்துக்கு விரிய வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடியை இருட்டாக விட்டுவிட்டு நடுவில் 4:3 காட்ட வேண்டும். அப்போது தூரம் 9.6 இல்லை, 12.8 அடி. 12.8 அடியில் மாட்டினால் அது பந்துக்குப் பின்னால், மட்டை ஏறுகிற இடத்துக்கு மேலேயே தொங்கும். போதாததற்குக் கராஜ் கதவு திறந்தால் திரையிலிருந்து 12 அடிவரை வந்து நிற்கும், நேராக அதில் போய் மோதும். அந்தப் புள்ளிக்கோட்டை வரைந்தவனே அவன்தான்! 0.5 மெஷினாக இருந்திருந்தால் 8 அடியில் மாட்டி வேலையை முடித்திருக்கலாம். அவர்கள் தளத்திலேயே 0.5 இருக்கிறது, விலையும் குறைவு.

அன்று இரவு என் மகள் மெனுவை நோண்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, இது புதுசுதானே?" என்று கேட்டாள். தகவல் பக்கத்தில் லேசர் (அதுதான் மெஷினின் விளக்கு) ஓடிய நேரம்: 1,386 மணி.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் இழுத்தடிப்பு. பையனுக்கு வாட்ஸப் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. போன் போட்டால் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". அந்த டீமிலிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல், ஒவ்வொரு முறையும் வேறு பெயரில், ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து விளக்கச் சொல்லி. 1,386 மணி நேரம் எப்படி என்று கேட்டதற்கு "தொழிற்சாலைச் சோதனை" என்று பதில். ராப்பகலாக ஓடினால் கிட்டத்தட்ட 58 நாள். எந்த ஊர்த் தொழிற்சாலையில் ஒரு புரொஜெக்டரை இரண்டு மாதம் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்? பிறகு வந்தது பார்க்க வேண்டிய சலுகை: திரையை 16:9-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், எங்களிடமே வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொள்ள வேண்டுமாம், அதற்குத் தள்ளுபடியும் தருவார்களாம். முடியாது, பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும்தான் "பொருத்திவிட்ட பொருள்" என்ற விதி வெளியே வந்தது. மாட்டினால்தானே தப்பு தெரியும்? தெரிந்த நிமிஷத்திலேயே திருப்பித் தரும் உரிமை போய்விடுகிறது. அவர்கள் ஆள் திருகிய முதல் ஸ்க்ரூவிலேயே என் 3,774 டாலர் போய்விட்டது.

வங்கியில் கேட்டேன். இ-டிரான்ஸ்ஃபர் கணக்கில் ஏறிவிட்டால் அவர்களால் திரும்ப இழுக்க முடியாதாம். ஒன்டாரியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது அதில் முறையற்ற செயல், ஒரு வருடத்துக்குள் எழுத்தில் தெரிவித்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அதைக் குறிப்பிட்டு இன்று காலை பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். மெனுவின் படம், கிழிந்த டேப்பின் படம், அந்த பிடிஎஃப் எல்லாம் இணைத்திருக்கிறேன். மெஷினை இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

திரையின் வடிவத்தை முதலில் பாருங்கள், பிறகு மெஷினின் வடிவம், அப்புறம்தான் த்ரோ ரேஷியோ. திரை 4:3 என்றால் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வெளிச்சம் ஆன்சி லூமனில் (ஒரே தரமுறையில் அளக்கிற வெளிச்ச அளவு) எவ்வளவு என்று கேளுங்கள், பெட்டி மேல் பெரிதாக அடித்திருக்கும் எண் வேண்டாம். இந்த அளவு திரைக்கு 3,000-க்குக் கீழே போகாதீர்கள். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் மெஷினைக் கீழேயே வைத்துப் போடச் சொல்லி, ஓடிய நேரத்தைப் படம் எடுங்கள். ஸ்க்ரூ மரச்சட்டத்தில் ஏற வேண்டும், டிரைவாலில் அல்ல. கார்டில் மட்டும் பணம் கட்டுங்கள். "பொருத்திய பிறகும் திருப்பி எடுப்போம்" என்று எழுதி வாங்குங்கள், எழுதித் தர மாட்டேன் என்றால் அங்கேயே போனை வையுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் பற்றியும் சொல்ல நினைத்தேன்: 4கே படத்துக்கு 25 அடிக்கு மேல் போனால் சாதாரணக் கேபிள் நம்பிக்கையில்லை, ஃபைபர் கேபிள் வாங்குங்கள், அதில் எந்த முனை கம்ப்யூட்டருக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று போட்டிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது.